மண் பிரித்துக் காட்டும் கதை



சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸ், ஜோகூர்த் தோட்டங்களில் வாழும் நம்மவர்க்குப் புதிய பெயரன்று. 1998ஆம் ஆண்டில் கடலுக்கு மேலே இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு, நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கோழி கூவும் முன்பே எழுந்து, அந்தப் பாலத்தைக் கடந்து, துவாஸ் ஆலைகளுக்கு வேலைக்குப் போய் வருகிறார்கள். இன்று அங்கே கப்பல் துறை இருக்கிறது. மருந்து ஆலைகள் இருக்கின்றன. கடலைத் தூர்த்து எழுப்பிய தொழிற்பேட்டை இருக்கிறது.

முன்னாளில் அது ஒரு மீனவர் ஊர். மலாய் மீனவர்கள் கையாண்ட ‘மெனுவாஸ்’ என்ற மீன்பிடி முறையிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். தழை நிறைந்த கிளைகளை நீரின்மேல் பரப்பி நிழல் உண்டாக்குவார்கள். நிழலை விரும்பும் மீன்கள் அங்கே வந்து தங்கும். விரும்பாத மீன்கள் நீரோட்டத்தோடு போய்விடும். தங்கிய மீன்களை வலை வீசிப் பிடிப்பார்கள்.

நேயர்களே, இந்த எளிய முறைக்குள் ஒரு பெரிய தத்துவம் இருக்கிறது. கலந்து கிடப்பவற்றைப் பிரிக்க வேண்டுமா? ஓடுவது ஒன்றும், நிற்பது ஒன்றும் வேண்டும். நிற்பதன்மேல் எதற்கு எவ்வளவு பற்று என்பதைப் பொறுத்து, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். வேதியியலார் இதனை வண்ணப்பிரிகை என்கிறார்கள். குரோமட்டோகிராபி என்பதும் இதுவே. மருந்து ஆலைகளின் ஆய்வுக்கூடங்களில் வெண்பூச்சுப் பூசிய சிறு தகடுகளை வைத்து, மருந்தில் வேறு எதுவும் கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த வெண்பூச்சு எங்கிருந்து வந்தது? நம் காலடியில் கிடக்கும் மண்ணிலிருந்தும் மணலிலிருந்தும் வந்தது. அந்த மண் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்த வரலாற்றையும், அதே மண் நம் தோட்டத்துக் கிணற்றைப் பற்றிச் சொல்லும் செய்தியையும் இன்று பார்ப்போம்.

முதலில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. பள்ளியில் கரும்பலகையில் எழுதும் சுண்ணக்கட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில், நீரில் கரையும் கறுப்பு மையால் சுற்றிலும் ஒரு கோடு போடுங்கள். ஒரு தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி, மைக்கோடு நனையாதபடி சுண்ணக்கட்டியை நிறுத்தி வையுங்கள். தண்ணீர் மெல்ல மேலே ஏறும். கறுப்பாக இருந்த மை நீலம், சிவப்பு, மஞ்சள் எனப் பிரிந்து நிற்பதைக் காண்பீர்கள். கறுப்பு என்பது ஒரு நிறமன்று, பல நிறங்களின் கூட்டம் என்பதைப் பிள்ளைகள் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள். இங்கே சுண்ணக்கட்டி நிற்கிறது, தண்ணீர் ஓடுகிறது. பாடநூல்கள் முன்னதை நிலையான நிலைமை என்றும், பின்னதை நகரும் நிலைமை என்றும் கூறும்.

மண்ணுக்கு இப்படிப் பிடித்துவைக்கும் குணம் உண்டு என்பதை மக்கள் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஐரோப்பாவில் கம்பளி நெய்தவர்கள் ஒருவகைக் களிமண்ணைக் குழைத்துப் பூசி, கம்பளியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை நீக்கினார்கள். சிங்கப்பூர் சிராங்கூன் சாலைக் கடைகளில் முகப்பூச்சுக்கு விற்கிறார்களே முல்தானி மட்டி, அது அந்த இனத்து மண்தான். நம் ஊர்களில் துணி வெளுக்க உவர்மண் பயன்பட்டது. ஆனால் உவர்மண்ணின் வேலை வேறு. அதிலுள்ள சோடா உப்பு அழுக்கைக் கரைக்கிறது. முல்தானி மட்டியோ கரைப்பதில்லை; தன் துகள்களின் மேற்பரப்பில் பிசுக்கை ஒட்டவைத்துக்கொள்கிறது. இதற்குப் பரப்புக் கவர்ச்சி என்று பெயர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் டேவிட் டே என்ற நிலவியல் அறிஞர், இந்தக் களிமண்ணைக் குழாயில் அடைத்துக் கச்சா எண்ணெயை அதன் வழியே செலுத்தினார். உள்ளே போனது கறுப்பு எண்ணெய். வெளியே வந்ததோ ஒரே மாதிரி எண்ணெயன்று. முதலில் வந்த பகுதி ஒரு தன்மையாகவும், பின்னால் வந்த பகுதி வேறு தன்மையாகவும் இருந்தன.

அதே காலத்தில் மிகாயில் ஸ்வெட் என்ற தாவரவியலார் இலைகளின் நிறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இத்தாலியில் 1872இல் பிறந்த அவர், ரஷ்ய ஆட்சியின் கீழ் இருந்த வார்சா நகரில் பணியாற்றினார். ஒரு கண்ணாடிக் குழாயில் சுண்ணப்பொடியை நெருக்கமாக அடைத்தார். இலைச்சாற்றை மேலே விட்டு, பெட்ரோலிய ஈதர் என்ற கரைப்பானைத் தொடர்ந்து ஊற்றினார். வெள்ளைச் சுண்ணத்தில் பச்சை வளையங்களும் மஞ்சள் வளையங்களும் தனித்தனியே தோன்றின. இலையின் பச்சை ஒன்றே ஒன்று அன்று என்பது தெரிந்தது. 1903இல் வார்சாவில் ஒரு சொற்பொழிவில் இந்த முறையை விளக்கினார். 1906இல் அதற்குக் குரோமட்டோகிராபி என்று பெயரிட்டார். ஸ்வெட் என்ற சொல்லுக்கே ரஷ்ய மொழியில் நிறம் என்றுதான் பொருள்.

எந்தப் பொடி நன்றாகப் பிரிக்கும் என்று அறிய ஸ்வெட் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைச் சோதித்தார். ஒன்று இறுகப் பற்றிக்கொண்டு விட மறுத்தது. இன்னொன்று பிடிக்கவே இல்லை. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும். அத்தகைய பொருளே பிரிக்கப் பயன்படும் என்பது அவர் கண்ட உண்மை. ஆனால் அக்காலத்துப் பெரிய வேதியியலார் சிலர் அவருடைய முறையை நம்பவில்லை. 1919இல் அவர் மறைந்தார். 1931இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் ரிச்சர்ட் குன் குழுவினர் இதே முறையால் காரட்டின் நிறப்பொருளைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

குழாய் முறையில் ஒரு குறை இருந்தது. நேரம் மிகுதியாகும், பொருளும் மிகுதியாகத் தேவைப்படும். 1938இல் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் இஸ்மாயிலோவ், மரியா ஷ்ரைபர் ஆகிய இருவர் மூலிகைச் சாறுகளைச் சோதிக்க ஒரு விரைவான வழி தேடினார்கள். குழாயைக் கைவிட்டு, சிறு கண்ணாடித் தகட்டின்மேல் அலுமினாப் பொடியை மெல்லியதாகப் பரப்பினார்கள். ஒரு சொட்டுச் சாற்றை விட்டு, அதன்மேல் கரைப்பானைச் சொட்டினார்கள். வட்ட வட்டமாக நிறங்கள் பிரிந்தன. ஒரு சொட்டே போதுமானதாயிற்று. மென்படல வண்ணப்பிரிகையின் பிறப்பு அதுதான்.

ஆனால் பரப்பிய பொடி ஊதினாலே பறந்துவிடும் அல்லவா? 1951இல் அமெரிக்காவில் கிர்க்னர் என்பவரும் அவருடைய துணைவர்களும் மாவுப்பொருள் கலந்து பொடியைத் தகட்டில் ஒட்டவைத்தார்கள். பிறகு ஜெர்மானியரான எகான் ஸ்டால், 1956 முதல் 1958 வரையான ஆண்டுகளில், பொடியின் பருமனையும் பூச்சின் கனத்தையும் ஒழுங்குபடுத்தினார். அவர் ஒட்டுப்பொருளாகச் சேர்த்தது சுட்ட ஜிப்சம். சுவர்ப்பூச்சு வேலையில் ஜிப்சம் இறுகுவது போல, தகட்டிலும் பூச்சு இறுகி நின்றது. நாம் சோதனைக்கு எடுத்த சுண்ணக்கட்டியும் இக்காலத்தில் பெரும்பாலும் ஜிப்சத்தால் ஆனதே. ஸ்டாலின் முறை வந்த பிறகு இந்தத் தகடு உலகெங்கும் பரவியது.

இனி, தகட்டில் பூசப்படும் பொருள்களைப் பார்ப்போம். சிலிக்கா ஜெல் மணலிலிருந்து செய்யப்படுகிறது. அலுமினா, பாக்சைட் என்ற செம்மண் கல்லிலிருந்து வருகிறது. அந்தப் பாக்சைட் நம் ஜோகூர் மாநிலத்திலேயே வெட்டி எடுக்கப்பட்டதுண்டு. கீசல்கர் என்பது டயாட்டம் என்னும் நுண்ணிய நீர்ப்பாசிகளின் ஓடுகள் ஏரியடியிலும் கடலடியிலும் படிந்து உண்டான மண். ஒவ்வோர் ஓட்டிலும் எண்ணற்ற துளைகள் இருப்பதால், ஒரு கைப்பிடிப் பொடிக்குள் மிகப் பெரிய மேற்பரப்பு அடங்கியிருக்கும்.

ஆயினும் தோண்டி எடுத்த மண்ணை அப்படியே பூசினால் நல்ல பலன் கிடைப்பதில்லை. அதற்கு வேண்டிய பக்குவம் செய்ய வேண்டும். நெல்லை அப்படியே தின்ன முடியுமா? அவித்து, உலர்த்தி, குத்தி, புடைத்த பிறகல்லவா அரிசி? மண்ணைப் பக்குவப்படுத்தும் வழிகள் நான்கு.

முதலாவது, சூடு. மண் துகளின் பரப்பில் ஏற்கெனவே ஈரம் குடியிருந்தால் புதிதாக வருவதற்கு இடமிராது. சூடாக்கினால் ஈரம் வெளியேறும், பிடிக்கும் திறன் கூடும். எவ்வளவு ஈரம் விட்டுவைப்பது என்பதைக் கொண்டு அலுமினாவின் வலிமையைக் கூட்டலாம், குறைக்கலாம்.

இரண்டாவது, அமிலம். பெண்டோனைட் போன்ற களிமண்ணை அமிலத்தில் காய்ச்சிக் கழுவினால், அதிலிருந்த சில உலோகங்கள் கரைந்து போய்ப் புதிய துளைகள் திறக்கும். இந்த மண்ணை நம் செம்பனைத் தொழிலோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆலையில் பிழிந்த செம்பனை எண்ணெய் செந்நிறமாக இருக்கும். அதற்குக் காரணம் கரோட்டின். பத்து லட்சம் பங்கு எண்ணெயில் சுமார் 500 முதல் 700 பங்கு கரோட்டின் இருக்கிறது. சுத்திகரிப்பு ஆலையில் அமிலத்தில் பக்குவப்படுத்திய களிமண்ணைச் சூடான எண்ணெயில் கலந்து வடிகட்டுகிறார்கள். மண் நிறத்தில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு நாற்றம் போக்கக் காய்ச்சும்போது எஞ்சிய நிறமும் சிதைகிறது. கடையில் வாங்கும் பொன்னிற எண்ணெய் அப்படி வந்ததுதான். ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் காரட்டிலிருந்து பிரித்தது இந்தக் கரோட்டினைத்தான். நம் தோட்டத்துக் குலையின் சிவப்பும் அதே பொருள்தான்.

மூன்றாவது, உப்பு ஊட்டுதல். 1962இல் சிலிக்கா ஜெல்லில் வெள்ளி நைட்ரேட்டை ஊறவைத்துத் தகடு செய்தார்கள். சாதாரணத் தகட்டில் பிரியாத எண்ணெய் வகைகள் அதில் பிரிந்தன. நான்காவது, மண்ணின் குணத்தையே தலைகீழாக்குதல். 1950இல் ஹோவர்ட், மார்ட்டின் என்ற இருவர் கீசல்கர் மண்ணைச் சிலேன் என்ற வேதிப்பொருளின் ஆவியில் காட்டினார்கள். தண்ணீரை விரும்பிய மண், அதன்பின் தண்ணீரை வெறுத்து எண்ணெயை விரும்பலாயிற்று. இந்த மார்ட்டின்தான், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள கம்பளி ஆராய்ச்சிக்கூடத்தில் 1941இல் சிஞ் என்பவரோடு சேர்ந்து வண்ணப்பிரிகைக்குப் புதுவழி கண்டவர். இருவருக்கும் 1952இல் நோபல் பரிசு கிடைத்தது.

நேயர்களே, இதுவரை மண்ணைப் பக்குவப்படுத்தி வேறொன்றைச் சோதித்த கதையைக் கேட்டோம். 1968இல் அமெரிக்க வேளாண்துறையைச் சேர்ந்த ஹெல்லிங், டர்னர் என்ற இருவர் இந்த முறையைத் திருப்பிப் போட்டார்கள். வயலில் தெளிக்கும் மருந்து மழைநீரோடு எவ்வளவு தூரம் போகும் என்பது அவர்கள் கேள்வி. அதற்குச் சிலிக்கா எதற்கு? வயல் மண்ணையே சலித்து, குழைத்து, கண்ணாடியில் பூசினார்கள். அடியில் மருந்துப் பொட்டு வைத்து, தண்ணீரை மேலே ஏறவிட்டார்கள். தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏறுவதற்குள் மருந்து எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று அளந்தார்கள். பின்னர் ஹெல்லிங் பல மருந்துகளை ஐந்து வகுப்புகளாகப் பிரித்தார். முதல் வகுப்பு மருந்து இருந்த இடத்தைவிட்டு அநேகமாக நகராது. ஐந்தாம் வகுப்பு மருந்து தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். இந்தியாவில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக வேதியியலாரும் இத்தகைய மண் தகடுகளில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் நம் தோட்டங்கள் அறிந்த பெயர்கள் பல உண்டு. லாலாங் புல்லைக் கொல்ல அக்காலத்தில் தெளித்த டலபான் ஐந்தாம் வகுப்பு. 2,4-டி என்ற மருந்து நான்காம் வகுப்பு. டையூரான் இரண்டாம் வகுப்பு. பாராகுவாட் முதல் வகுப்பு.

இதிலிருந்து தெரிவது என்ன? டலபான் போன்ற மருந்தைக் கிணற்றோரம் கலக்கினால், சிந்தியது மழையோடு இறங்கிக் கிணற்றுக்குள் வந்து சேரலாம். மருந்து கலக்கும் இடம் குடிநீருக்கு எட்டத்தில் இருக்க வேண்டும் என்ற விதிக்கு இதுவே காரணம். ஜோகூர் ஆற்று நீரைச் சிங்கப்பூரும் 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி எடுத்துக்கொள்கிறது. அந்த ஒப்பந்தம் 2061 வரை செல்லும். சிங்கப்பூர் தன் முதலாவது கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையை 2005இல் துவாஸில் திறந்ததும் தண்ணீர்க் கவலையால்தான். ஆற்றங்கரையில் நாம் கையாளும் மருந்து நம் லயத்துக் குழாயை மட்டும் பொறுத்த செய்தியன்று.

பாராகுவாட் கதைதான் நாம் நன்றாக உணர வேண்டியது. 1962இல் விற்பனைக்கு வந்த அந்தக் களைக்கொல்லியின் மூலக்கூறு நேர்மின்னேற்றம் உடையது. களிமண் துகளோ எதிர்மின்னேற்றம் உடையது. இரண்டும் சேர்ந்தால் காந்தமும் இரும்பும் போல ஒட்டிக்கொள்ளும். மண் தகட்டில் அது வைத்த இடத்திலேயே நிற்கும். ‘மண்ணில் விழுந்ததும் அடங்கிவிடும், நிலத்தடி நீருக்குப் போகாது’ என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை வைத்து, ‘ஆபத்தில்லாத மருந்து’ என்று முடிவு கட்டலாமா?

தகடு சொன்னது மண்ணைப் பற்றி மட்டுமே. மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து நிரை நிரையாக நடந்தவரின் தோலைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. தொட்டி ஒழுகி முதுகு நனைந்தால், இடையில் களிமண் கிடையாது. அதற்கு முறிவு மருந்தும் கிடையாது. விழுங்கினால் சிறிதளவே உயிரைப் பறிக்கும். மருத்துவமனைகளில் முல்தானி மட்டி இனத்து மண்ணையே நீரில் கரைத்துக் கொடுத்து, குடலில் இருக்கும் நஞ்சைப் பிடிக்க முயன்றார்கள். ஆனால் இரத்தத்தில் கலந்துவிட்ட நஞ்சை எந்த மண்ணும் திரும்பப் பிடித்துத் தராது. ஆகவே வீட்டில் மண்ணைக் கரைத்துக் குடித்துக் காலம் கடத்தாமல், உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். மேலும், பலத்த மழையில் மண்ணே கரைந்து ஓடும்போது, அதில் ஒட்டிய மருந்தும் சேற்றோடு ஓடைக்குப் போகும். சிறு தகட்டில் இதையும் காண முடியாது.

மருந்தடித்தவர்களில் பெருந்தொகையினர் பெண்கள். தெனாகனித்தா என்ற அமைப்பு தோட்டப் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2002இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில்தான் முழுத்தடை வந்தது. இலங்கை அதற்கு முன்பே, 2008இல் தொடங்கிப் படிப்படியாக அதனை விலக்கியிருந்தது.

தோட்டப் பள்ளி ஆசிரியர்களான நாங்கள் இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, சுண்ணக்கட்டியில் மை பிரிவதோடு நிறுத்திக்கொள்வதில்லை. ஒவ்வொரு சோதனையும் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தருகிறது. ஒருவர் ‘சோதித்துப் பார்த்தாயிற்று, பயமில்லை’ என்று சொன்னால், எதைச் சோதித்தீர்கள், மண்ணையா, தண்ணீரையா, வேலை செய்பவரின் உடம்பையா என்று கேட்கத் தெரிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை போத்தலில் ஒட்டியுள்ள தாளைப் படித்து அம்மாவுக்குச் சொல்லலாம். அறிவியல் தெரிந்த பிள்ளை அந்தத் தாளில் எழுதாமல் விட்டதையும் கேட்கலாம்.

எனவே பெற்றோர்களே, இன்று மாலை ஒரு சுண்ணக்கட்டியும் ஒரு தட்டுத் தண்ணீரும் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். மை பிரிவதை அவர்களோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள். பின்பு, உங்கள் தோட்டத்தில் இப்பொழுது தெளிக்கும் மருந்தின் பெயர் என்ன, அது எந்த இடத்தில் கலக்கப்படுகிறது, அங்கிருந்து ஓடையும் கிணறும் எவ்வளவு தூரம் என்பதைப் பிள்ளைகளைக் கொண்டே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பினால், அடுத்த பாடத்தை அதிலிருந்தே தொடங்கலாம்.